மஞ்சள் கையுறை

எங்கேயோ கூட்டம் கூடிவிட்டது என்று செய்தி வந்ததும் கலவரத் தடுப்புப் படையில் எல்லோரும் கேடயத்தையும் தலைக்கவசத்தையும் தேடி ஓடுவார்கள். ஏட்டம்மா மட்டும் பாத்திரம் கழுவுகிற கையுறையைத் தேடுவார். மஞ்சள் ரப்பரில், முழங்கை வரை வருகிற சாதாரண வீட்டுக் கையுறை. அதில் வலது கை எப்போதும் அவருடைய பையில் இருக்கும். இடது கை வீட்டில் சிங்க் ஓரத்தில் துணையில்லாமல் தொங்கும். அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாகப் பாத்திரம் கழுவுவது அவருடைய கணவர்தான். ஒரு கையை மட்டும் நனைக்காமல் பாத்திரம் கழுவுவது எப்படி என்று உங்கள் டிபார்ட்மென்ட்டில் கேட்டுச் சொல் என்று அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கத்துவார்.

அந்தக் கையுறைக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருந்தது. கூட்டத்தைக் கலைப்பது என்று முடிவானால் உடனே தடியைத் தூக்கிவிட முடியாது. முதலில் ஒலிபெருக்கியில் மூன்று தடவை எச்சரிக்கை வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிஷம் விட வேண்டும். வாசித்தால் மட்டும் போதாது. கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு போலீஸ் நின்று, தன் சொந்தக் காதால் அதைக் கேட்டு, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை எழுந்தால்தான் அது எச்சரிக்கை. எழாவிட்டால் வாசித்தது வாசிக்காததற்குச் சமம். மூன்று தடவையும் அந்தக் கை எழுந்த பிறகுதான் தடிக்கு வேலை. டிபார்ட்மென்ட் கொடுத்த பழைய வெள்ளைக் கையுறை தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று ஏட்டம்மாவே தன் வீட்டுக் கையுறைக்கு மாறிக்கொண்டார். அதற்கு எந்த உத்தரவும் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை.

படையில் அந்த இடத்துக்கு ‘வால்’ என்று பெயர். கேடயம் பிடிக்கிறவன் படம் பத்திரிகையில் வரும். வாலில் நிற்கிறவரை அவருடைய மேலதிகாரிக்கே அடையாளம் தெரியாது. கேடயமும் கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. கூட்டம் திரும்பி ஓடிவந்தால் முதலில் மிதிபடுவதும் அவர்தான். அதனால் அந்த வேலையை யாரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்பதில்லை. ஏட்டம்மாவுக்கு மட்டும் அது பிடித்துப்போய்விட்டது. சின்ன வயதில் அம்மா ஓயாமல் ‘சரியான வாலு’ என்று திட்டினாளாம். கடைசியில் சம்பளம் கொடுத்து அதே பெயரில் அழைக்கிறார்கள் என்பது அவர் பல தடவை சொன்ன ஜோக். புதிதாக வருகிற ஒவ்வொரு கான்ஸ்டபிளும் அதற்கு ஒருமுறை சிரித்தே தீர வேண்டும்.

பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். முன்னால் நிற்பவர்களுக்குக் கோபம், பின்னால் நிற்பவர்களுக்குக் கால்வலி. தோழி கூப்பிட்டாள் என்று வந்தவள், நாலு பேருடைய பைகளைக் காவல் காப்பவர், பாதை அடைபட்டதால் மாட்டிக்கொண்டு என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று நிற்பவர், இவர்கள்தான் வால். ஏட்டம்மாவின் பையில் தலைவலித் தைலமும் தண்ணீர் பாட்டிலும் பத்துப் பன்னிரண்டு ஊக்குகளும் இருக்கும். போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் யாருக்காவது செருப்பு வாரில் ஊக்குக் குத்திக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். இதை முன்வரிசைப் போலீஸ் புரிந்துகொள்ளச் சில தலைமுறை ஆகும் என்பது அவருடைய உறுதியான கருத்து.

இவ்வளவு கலகலப்பான மனுஷிக்குள் ஒரு முள் இருந்தது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவர் சாதாரணக் கான்ஸ்டபிள், வாலுக்குப் புதிது. அன்றைக்கு எதிர்க்காற்று. ஒலிபெருக்கியில் பாதி உயிர்தான் இருந்தது. அவர் காதுக்கு வந்தது தேனீ பறக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டுமே. ஆனால் முன்னாலிருந்து அதிகாரி முறைத்துப் பார்த்தார். முறைப்பு மட்டும் நானூறு அடி தாண்டித் தெளிவாக வந்தது. கையைத் தூக்கிவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவையும்.

தடியடியில் பலருக்கு அடி. அதில் ஒருவர் சாவி செய்கிறவர். நடைபாதையில் தன் பெட்டிக்கடையை மூடிவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. தனக்கு எந்த எச்சரிக்கையும் கேட்கவில்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். யாரும் நம்பவில்லை. பதிவேட்டில் மூன்று தடவை கை எழுந்ததாக இருக்கிறதே. அவர் சொன்னது சத்தியம் என்று தெரிந்த ஒரே ஆள் ஏட்டம்மா. அவர் வாயைத் திறக்கவில்லை.

எலும்பு கோணலாகக் கூடி, சாவிக்காரர் மறுபடி கடை திறந்தபோது ஏட்டம்மா போய் நின்றார். நடந்ததைச் சொல்லிவிடத்தான் போனார். வாயில் வந்தது வேறு. கையில் இருந்த வீட்டுச் சாவியை நீட்டி, இதற்கு இன்னொன்று செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு சாவி. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போவார், சாவியோடுதான் வருவார். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வாசல்கதவு, நூறு சாவிக்கு மேல் இருக்கிறது. அந்த வீட்டில் சாவி தொலைந்துவிட்டது என்று யாரும் பதறிய சரித்திரமே கிடையாது. ஆனால் ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு, காதில் ஒவ்வொரு சொல்லும் விழாமல் ஏட்டம்மாவின் கை எழுந்ததில்லை. எத்தனை அதிகாரி முறைத்தாலும் எழுந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தானா காது போக வேண்டும்.

போனது உடனே தெரியவில்லை. காரணம், அவர் கணவர் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. உப்பு வேண்டும் என்றாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். அந்த வீட்டில் காது மந்தமானவர்கள் சுகமாக நூறு வருஷம் வாழலாம், ஒன்றும் வெளியே தெரியாது. கண்டக்டருக்கு ஒரு துப்புக் கிடைத்ததும் தற்செயலாகத்தான், அதையும் தப்பாகப் புரிந்துகொண்டார். ஒருநாள் தொண்டை கட்டிப்போய், பின்னாலிருந்து மூன்று தடவை மெதுவாகக் கூப்பிட்டார். ஏட்டம்மா திரும்பவில்லை. கோபமாக இருக்கிறாளாக்கும் என்று நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே அன்று முழுக்க வீட்டு வேலையெல்லாம் செய்தார்.

ஏட்டம்மாவுக்குத் தெரியும். குக்கர் விசில் நின்றுபோனது, கடிகாரம் நின்றுபோனது என்று முதலில் நினைத்தார். பிறகு காதில் அழுக்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதிவிடுவார். எழுதினால் வால் போய்விடும். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் ஸ்டேஷன் பின்னறையில் தொலைந்துபோன செல்போன்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தனக்குப் பதில் வாலுக்கு வருகிற ஆள், ஒரு முறைப்புக்குக் கை தூக்குகிற ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

இந்த நிலையில்தான் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஊர்க்கோடியில் பழம் அடுக்கிப் பெட்டி போடும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற பெண்களுக்கு விடியற்காலையில் இருந்த ஒரே பஸ் அது. பதினெட்டு நாள் நாலு கிலோமீட்டர் நடந்து பார்த்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலை, ஷிப்டுக்குப் போகாமல், நாற்சந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்நூறு பேருக்குக் குறையாது. ஒன்பதாம் நம்பருக்குக் கண்டக்டராக இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஏட்டம்மாவின் வீட்டுக்காரரேதான். நானும் போய் உட்காரப்போகிறேன் என்று காலையில் சட்டையை மாட்டினார்.

“நீ வந்து உக்காந்தா உன்னைத்தான் முதல்ல எழுப்புவேன், பாத்துக்கோ,” என்றார் ஏட்டம்மா. கண்டக்டர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

படைக்கு அப்போது புதிய அதிகாரி வந்திருந்தார். முப்பத்தொரு வயது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும், அதனால் அதுவே பெயராகிவிட்டது. கெட்டவர் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். ஒன்பதரைக்குள் நாற்சந்தி திறந்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. எட்டு பத்துக்கு வேன் மேல் ஏறி, முதல் எச்சரிக்கையை வாசித்தார்.

ஏட்டம்மா தன் இடத்தில், மூடிய செருப்புக்கடையின் படியருகே நின்றிருந்தார். அதிகாரியின் வாய் அசைந்தது. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. அது தமிழா வேறு பாஷையா என்றுகூடப் புரியவில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன் கேட்ட அதே தேனீ.

கை எழவில்லை.

வயர்லெஸ்ஸில் ஸ்டாப்வாட்ச் கேட்டார். அதைக் காதோடு ஒட்டி வைத்தால் கேட்கும். வால் என்ன ஆச்சு என்றார். கேட்கவில்லை சார் என்றார் ஏட்டம்மா. ஒலிபெருக்கி நல்லாத்தானே இருக்கு என்று அவர் ஆச்சரியப்பட்டார். வேனை இருபதடி முன்னால் நகர்த்தி, சத்தத்தைக் கூட்டி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி முதல் எச்சரிக்கையை முதலிலிருந்து வாசித்தார். இப்போது தேனீ கொஞ்சம் குண்டாகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வார்களே, அதில் ஊதுகிறவனுடைய அவஸ்தையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். செவிடனுடைய அவஸ்தையை அன்று ஏட்டம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. “டீக்கடைக்காரருக்கே கேக்குது ஏட்டம்மா. சும்மா கையைத் தூக்குங்க.”

டீக்கடை அவருக்கும் பின்னால் முப்பதடி. அங்கே கேட்கிறதென்றால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். தூக்கினால் என்ன? யாருக்கும் தெரியாது. தன் காதும் தப்பிக்கும், வாலும் தப்பிக்கும். வலது கை தன்னால் இடுப்பு வரை வந்துவிட்டது. அப்போது அந்தக் கோணல் தோள் ஞாபகத்துக்கு வந்தது. கை கீழே இறங்கிவிட்டது.

டீக்கடைக்காரருக்குக் கேட்டது சரி, கடைசி வரிசைக்குக் கேட்டதா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் நாலைந்து டிபன் பைகளை மடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைகளை ஒப்படைத்துவிட்டுப் போன தோழிகள் முன்வரிசையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏட்டம்மா குனிந்தார்.

“என்னம்மா சொன்னாங்க மைக்ல? எனக்குக் காது சரியாக் கேக்கலை.”

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிட்டார். அதைச் சொன்னதில் ஒரு நிம்மதி வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பைக்காரி கொஞ்சம் விழித்தாள். ஏதோ சொன்னாங்க என்றாள். என்னவோ வழக்கமாகச் சொல்கிறதுதானே என்றாள். சத்தம் காதில் விழுந்திருக்கிறது, சேதி விழவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள், அவளுக்கும் பாதிதான் தெரியும். இருவரும் சேர்ந்து தலையும் வாலுமாக ஒட்ட வைத்தார்கள். போலீசம்மாவுக்குக் கேட்கவில்லையாம் பாவம் என்று சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள் பைக்காரி. “மூணு தடவை சொல்வாங்களாம். அதுக்குள்ள கலைஞ்சு போயிடணுமாம். வலதுபக்கச் சந்து திறந்திருக்காம், அது வழியாப் போனா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம். போகலேன்னா தடி...”

அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். மடியில் இருந்த பைகளைப் பார்த்தாள். வலதுபக்கச் சந்தைப் பார்த்தாள். காதால் கேட்டபோது உறைக்காதது தன் வாயால் சொன்னபோது உறைத்துவிட்டது. அடியே, தடியடியாம்டி என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் கேட்கிறவள் ஒவ்வொருத்தியும் எந்தச் சந்து என்று கேட்டாள். வரிசை வரிசையாக அது முன்னோக்கிப் போனது. கண்டக்டர் கூட்ட நெரிசலில் டிக்கெட்டைக் கைமாற்றிக் கொடுத்தனுப்புவாரே, அந்த மாதிரி.

முன்னால் ஸ்டாப்வாட்சுக்குக் கை பரபரத்தது. மஞ்சள் எழாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நேரம்தான் கடிகாரத்தையே பார்ப்பது? வேனிலிருந்து இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். பெட்டி போடும் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், வாயுள்ள பிள்ளை. உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ் வேண்டும் என்று கேட்டார். பதினெட்டு நாளாக மனு கொடுத்த இடங்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. அவள் சொன்னாள். அவர் ஸ்டாப்வாட்சை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்து, அங்கேயே நின்று பஸ் டெப்போ மேனேஜருக்குப் போன் போட்டார். சும்மா இருக்கத் தெரியாதவர் நல்ல வேலையில் சும்மா இல்லாமல் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது பாருங்கள். விடியற்காலை ஒரு டிரிப் மட்டும் நாளையிலிருந்து ஓடும் என்று பன்னிரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

முன்வரிசைப் பெண் எழுந்து, ஜெயித்துவிட்டோம் என்று அறிவிக்கத் திரும்பினாள். பின்னால் ஐந்நூறில் நூறு பேர்கூட இல்லை. மீதி எல்லோரும் வலதுபக்கச் சந்தில் நின்று, ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பைக்காரி மட்டும் பைகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சந்து முனையில் நின்று பெயர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தாள். அன்று யார் மேலும் ஒரு அடி விழவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஸ்டாப்வாட்ச் நேராக ஏட்டம்மாவிடம் வந்து சல்யூட் அடித்தார். அனுபவம்னா இதுதான் என்றார். நான் அவசரப்பட்டேன், நீங்கள் வேண்டுமென்றே கையைத் தூக்காமல் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்றார். விருதுக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். முன்வரிசைப் போலீசெல்லாம் கை தட்டினார்கள். ஏட்டம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது, எல்லோரும் பக்கத்தில் நின்று கத்தினார்களே.

பாம்பு என்று அடிக்கவும் முடியவில்லை, பழுது என்று தாண்டவும் முடியவில்லை. பேசாமல் இருந்தால் விருது. உண்மையைச் சொன்னால் செல்போன் அறை. மத்தியானம் வரை பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் கை எழாமல் தப்பித்தோம், நாளைக்கு அனுமானத்தில் எழுந்துவிட்டால்? மறுபடி ஒரு ஆள் வாக்குமூலத்தில் எனக்குக் கேட்கவில்லை என்பான். அந்தத் தடவையும் உண்மை தெரிந்த ஒரே ஆள் நாமாகத்தான் இருப்போம். பேனாவை எடுத்து எழுதினார்: ‘எச்சரிக்கை எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. குறை ஒலிபெருக்கியில் இல்லை, என் காதில்.’ கையெழுத்துப் போட்டு, ஸ்டாப்வாட்சின் மேஜையில் வைத்தார்.

ஸ்டாப்வாட்ச் அதை மூன்று தடவை படித்தார். “இதை நீங்க எழுதாம இருந்திருக்கலாமே?” என்றார்.

“இருந்திருக்கலாம் சார். ஒரு தடவை அப்படி இருந்து பாத்துட்டேன்.”

டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, வீட்டில் சத்தம் அதிகமா என்று கேட்டார். கூட வந்திருந்த கண்டக்டர், எங்க வீடு ரொம்ப அமைதியான வீடு டாக்டர் என்று கத்தினார். டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு காதுக்கும் சின்ன மெஷின் எழுதிக் கொடுத்தார். மெஷின் வந்த அன்று வீட்டில் கண்டக்டர் வாயைத் திறந்ததும் ஏட்டம்மா துள்ளிவிட்டார். மெதுவாகப் பேசு என்றார். மெதுவாகப் பேசுவது எப்படி என்று அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, பல நாள் சைகையிலேயே ஓட்டினார். பாத்திரம் கழுவும்போது அவர் அந்த இடதுகைக் கையுறையோடு ஏதோ முனகிப் பேசுவார் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. இருபத்தாறு வருஷத்தில் தன்னைப் பற்றி இவ்வளவு புகார் இருக்கிறதா என்று ஏட்டம்மா கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

விருது வரவில்லை. செல்போன் அறைதான் வந்தது. ஐந்து மாதம் நம்பர் ஒட்டினார். ஆனால் ஸ்டாப்வாட்ச் சும்மா இருக்கத் தெரியாதவர் ஆயிற்றே. மெஷினோடு வேலைக்குத் தகுதி என்று மருத்துவக் குழுவிடம் விடாமல் எழுதி எழுதிச் சான்றிதழ் வாங்கினார். கூடவே ஒரு புது உத்தரவும் போட்டார். வாலில் நிற்கிறவர் தன் காதால் கேட்டால் மட்டும் போதாது. கடைசி வரிசையில் ஒருவரையாவது என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்த பிறகே கையைத் தூக்க வேண்டும். அந்த விடியற்காலை பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து நிமிஷம் சீக்கிரமாக வந்துவிடுகிறது, குளிக்க நேரமில்லை என்று பைக்காரி இப்போது கண்டக்டரிடம் சண்டை போடுகிறாள் என்று கேள்வி.

ஏட்டம்மா வாலுக்குத் திரும்பிய முதல் கூட்டம், நடைபாதைக் கடைக்காரர்களுடையது. கடைகளை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. நகர அலுவலகத்துக்கு முன்னால் சாலையை மறித்துவிட்டார்கள். இடத்தைப் பற்றிப் பேச மறுநாள் வரச் சொல்லி அலுவலகம் எழுதிக் கொடுத்தாயிற்று. பாதிப் பேருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்டாப்வாட்ச் வேன் மேல் ஏறினார்.

ஏட்டம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் நின்ற முதுகைப் பார்த்தார். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே.

எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. மெஷின் ஒவ்வொரு சொல்லையும் பளிச்சென்று காதில் வைத்தது. நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பேச்சு, இப்போது இடதுபக்கச் சாலை திறந்திருக்கிறது, கலைந்து போங்கள், இல்லாவிட்டால் தடியடி. மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்டது. இனி உத்தரவுப்படி ஒருவரைக் கேட்டாக வேண்டும். அந்த வரிசையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஏட்டம்மா இரண்டு அடி எடுத்து வைத்து, அந்தக் கோணல் தோளின் பக்கத்தில் போய் நின்றார்.

“என்ன சொன்னாங்க?” என்றார்.

சாவிக்காரர் திரும்பிப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். அவசரப்படாமல், ஒரு வார்த்தை விடாமல், பத்து மணி, இடதுபக்கச் சாலை, தடி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிறகு கீழே வைத்திருந்த தன் கருவிப்பெட்டியை எடுத்து நல்ல தோளில் மாட்டிக்கொண்டார்.

“அன்னிக்குத்தாம்மா கேக்கலை. இன்னிக்கு நல்லாக் கேட்டுது. நீங்க கையைத் தூக்குங்க.”

அன்றைக்குக் கை தூக்கியது நான்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் ஏட்டம்மா.

“ஒரே கதவுக்கு நூறு சாவி யாரும்மா செய்வாங்க?” என்று சிரித்தார் சாவிக்காரர். பக்கத்தில் நின்ற செருப்புத் தைக்கிறவரையும் பூக்காரியையும் வாங்க போகலாம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பேசிக்கலாம் என்று கூப்பிட்டுக்கொண்டு, இடதுபக்கச் சாலையில் முதல் ஆளாக நடந்தார்.

ஏட்டம்மா கையைத் தூக்கினார். தூரத்தில் வேன் மேல் நின்ற ஸ்டாப்வாட்ச் மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். பத்து நிமிஷத்துக்கு ஓடவிட்டிருந்தார், அவ்வளவு தேவைப்படவில்லை. சாலை காலியாகி எல்லோரும் போன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. கீழே இறக்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.